ஆண்டிறுதிக் கணக்கில் வராத வாசிப்பு

ஜூனில் தொடங்கும் கல்வியாண்டு ஏப்ரலில் நிறைவுறும் தறுவாயில், தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசுப் பள்ளி நூலகங்களைப் பற்றி வெளிவரும் செய்தி ஒரே வார்ப்பில் அமைந்திருக்கிறது. மாணவர்களிடமுள்ள நூல்களை ஆண்டுத் தேர்வுக்கு முன்பாக ஒப்படைக்க வேண்டும் என்னும் சுற்றறிக்கை வகுப்புதோறும் வாசிக்கப்படுகிறது; வந்து சேரும் நூல்கள் எண்வரிசைப்படி அடுக்கப்பட்டு, பதிவேட்டோடு ஒத்துப்பார்க்கப்பட்டு, அந்துருண்டை போட்ட இரும்பு பீரோக்களில் வைத்துப் பூட்டப்படுகின்றன; மொத்த நூல்கள் இத்தனை, இருப்பில் உள்ளவை இத்தனை, குறைவு ஏதுமில்லை என்று ஒரு பக்க அறிக்கை தலைமையாசிரியரின் கையொப்பத்துக்குச் செல்கிறது. குறைவு ஏதுமில்லை என்பதை நற்செய்தியாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், நூலக நிர்வாகத்துக்கென வகுக்கப்பட்ட விதிகளையும் குழந்தைகளின் வாசிப்பைப் பற்றிய ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த நற்செய்தி ஐயத்துக்குரியதாகிறது.

இவ்வறிக்கைக்கு அடிப்படை, இருப்புச் சரிபார்ப்பு எனப்படும் நடைமுறை. பள்ளிக்கு விலைக்கோ நன்கொடையாகவோ வரும் ஒவ்வொரு நூலுக்கும் தொடர் எண் ஒன்றைக் கொடுத்து, தலைப்பு, ஆசிரியர், விலை, வந்த நாள் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் பேரேடு வரவுப் பதிவேடு எனப்படும். எந்த நூல் எந்த மாணவரிடம் எந்த நாளில் சென்றது, எப்போது திரும்பியது என்பதைக் காட்டுவது வழங்கல் பதிவேடு. முன்னது சொத்தின் கணக்கு, பின்னது பயன்பாட்டின் கணக்கு. ஆண்டிறுதிச் சரிபார்ப்பு முன்னதைக் கொண்டே நடக்கிறது. பின்னது, நூலைத் திருப்பாதவர்களைத் தேடிப் பிடிப்பதற்கு மட்டுமே புரட்டப்படுகிறது. இதன் விளைவாக, 1,500 நூல்களும் ஆண்டு முழுவதும் பீரோவை விட்டு அசையாத பள்ளியும், அதே 1,500 நூல்கள் பலமுறை கைமாறிய பள்ளியும் ஒரே அறிக்கையைத் தர முடிகிறது. இரண்டில் முதல் பள்ளியின் அறிக்கைதான் பிசிறில்லாமல் இருக்கும் என்பதையும் எளிதில் ஊகிக்கலாம்.

உண்மையான ஆண்டறிக்கை நூல்களுக்குள்ளேயே இருக்கிறது. கடைசி அட்டையின் உட்புறத்தில் ஒட்டப்படும் தேதித்தாள், ஒரு நூல் எத்தனை முறை வெளியே சென்றது என்பதை ரப்பர் முத்திரைகளாகவோ பேனாக் குறிப்புகளாகவோ சேர்த்துவைக்கிறது. பிள்ளைகள் விரும்பிய ஒரு கதை நூலில் அந்தத் தாள் நிரம்பி, அதன் மேல் இரண்டாவது தாள் ஒட்டப்பட்டிருக்கும். முதுகில் ஒட்டுநாடா இருக்கும். பக்க ஓரங்கள் கைபட்டுக் கருத்திருக்கும். அதே தட்டில் அடுத்ததாக நிற்கும் கெட்டி அட்டைக் கலைக்களஞ்சியத் தொகுதியில் தாள் வெறுமையாக இருக்கும். அச்சகத்திலிருந்து வந்தபோது ஒட்டிக்கொண்டிருந்த பக்கங்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். இருப்புச் சரிபார்ப்பின் கணக்கில் இரண்டும் ஒவ்வொரு நூல். நிலையைக் குறிக்கும் பத்தியில் முன்னதற்குச் ‘சிதைந்தது’ என்றும் பின்னதற்கு ‘நன்று’ என்றும் எழுதப்படும்.

விதி சொல்வது என்ன?

நூல் இழப்பைப் பற்றி அரசு விதிகளே என்ன சொல்கின்றன என்பது பரவலாக அறியப்படாத செய்தி. ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள், அரசுப் பணத்தைச் செலவிடுவதற்கும் அரசுச் சொத்தைப் பேணுவதற்குமான நடைமுறைத் தொகுப்பு ஆகும். அதன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் 215ஆவது விதி நூலகங்களைப் பற்றியது. 20,000 நூல்களுக்கு மிகாத நூலகத்தில் ஆண்டுதோறும் முழுமையான சரிபார்ப்பும், 20,000 முதல் 50,000 வரை நூல்கள் உள்ள நூலகத்தில் மூன்றாண்டுகளுக்கு ஒரு முறையேனும் சரிபார்ப்பும் நடத்த வேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. அதோடு நில்லாமல், ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வைக்கு எடுக்கப்பட்ட ஒவ்வோர் 1,000 நூல்களுக்கும் 5 நூல்கள் வரை தொலைவதை, அது நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேராத வரை, இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்றும் அது அனுமதிக்கிறது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்கப்பட வேண்டும்.

இவ்விதியின் நுட்பம், இழப்புக்கான வரம்பை அது எதைக் கொண்டு அளக்கிறது என்பதில் இருக்கிறது. நூலகத்திலுள்ள மொத்த நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்காமல், வழங்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கிறது. எடுத்துக்காட்டாக, 400 மாணவர்கள் உள்ள ஒரு பள்ளியில் ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்து நூல்களை எடுத்துச் சென்றால் வழங்கல் 4,000 ஆகிறது. 20 நூல்கள் தொலைந்தாலும் அது வரம்புக்குட்பட்டதே. நூல் ஒன்றின் விலை 60 ரூபாய் என்று கொண்டால் மொத்த இழப்பு 1,200 ரூபாய், அதாவது ஒரு வாசிப்புக்கு 30 காசு. மாறாக, ஒரு நூலைக்கூட வெளியே விடாத பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட இழப்பு பூஜ்ஜியம். அங்கே கறையான் அரித்த ஒரே ஒரு நூலுக்கும் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். இவ்விதி ஒன்றிய அரசின் அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது என்பதால் மாநில அரசுப் பள்ளிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. எனினும், நிதிச் சிக்கனத்தையே நோக்கமாகக் கொண்ட ஒரு விதித்தொகுப்பு, நூல்களை வெளியே விடுபவருக்குச் சலுகை தருகிறது என்பது கவனத்துக்குரியது.

பூட்டின் காரணம்

இவ்வளவுக்கும் பிறகு பீரோக்கள் ஏன் பூட்டப்படுகின்றன என்பதற்கு விடை, பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதில் கிடக்கிறது. 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள்களும் இதழ்களும் கதை நூல்கள் உள்ளிட்ட பல பொருள் நூல்களும் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், விளையாட்டுத் திடல் ஆகியவற்றையெல்லாம் விரிவாகச் சொல்லும் அதே அட்டவணை, ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் கைத்தொழிலுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்களைக் கேட்கிறது, நூலகரைக் கேட்கவில்லை. ஆகவே, நூலகம் என்பது தமிழாசிரியருக்கோ, பணிச்சுமை குறைவாக இருப்பதாகக் கருதப்படும் வேறோர் ஆசிரியருக்கோ கூடுதல் பொறுப்பாக வந்து சேர்கிறது. அவருக்கு நூலகப் பயிற்சி கிடையாது, தனி நேரம் கிடையாது. ஆனால், பணிமாறுதலோ ஓய்வோ வரும் நாளில் நூல்களை எண்ணி ஒப்படைக்கும் கடமை மட்டும் உண்டு. குறைந்த நூலுக்குக் கைப்பணம் கட்ட நேருமோ என்னும் அச்சத்தில் ஒருவர் பூட்டைத் தேர்ந்தெடுத்தால், அதை அவருடைய வாசிப்பார்வமின்மை என்று சொல்லிவிட முடியாது. அவர் மீது சுமத்தப்பட்ட கணக்குமுறையின் இயல்பான விளைவு அது.

இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்கே உரியதும் அன்று, புதியதும் அன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைப் பற்றி நூலக உலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே நூலகராக இருந்தவர், ஆண்டுச் சரிபார்ப்பை முடித்துவிட்டு மலர்ந்த முகத்தோடு வளாகத்தில் நடந்து சென்றாராம். மகிழ்ச்சிக்குக் காரணம் கேட்டபோது, இரண்டு நூல்கள் தவிர மற்றவையெல்லாம் வந்து சேர்ந்துவிட்டன என்றும், அந்த இரண்டும் இயற்கையியல் அறிஞர் லூயி அகாசியிடம் இருப்பதால் அவற்றை வாங்கிவரத்தான் போய்க்கொண்டிருப்பதாகவும் சொன்னாராம். அந்நாளின் தலைசிறந்த உயிரியலாளர் ஒருவர் நூலைப் படித்துக்கொண்டிருப்பது நூலகருக்குக் குறையாகவும், அது தட்டில் சும்மா இருப்பது நிறைவாகவும் தோன்றியது என்பதே கதையின் பொருள்.

அந்த மனப்பாங்கை முறைப்படி மறுத்தவர் தமிழ் மண்ணிலிருந்து எழுந்தார் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. 1892இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட தமது நூலில், நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல் பயன்பாட்டுக்காகவே இருக்கிறது என்பது அவற்றுள் முதலாவது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரும் கிடைக்க வேண்டும் என்பவை அடுத்த இரண்டு. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது. நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாவது. ஐரோப்பிய நூலகங்களில் ஒருகாலத்தில் நூல்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி, பாதுகாப்பே நோக்கமாக இருந்த காலம் முடிந்துவிட்டது என்று அவர் வாதிட்டார். அதே 1931இல் மன்னார்குடிக்கு அருகில் மேலவாசலில், கனகசபை பிள்ளையின் முயற்சியால், நூல்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன், நல்ல சாலை வசதியும் பரவலான எழுத்தறிவும் இல்லாத காலத்தில், வண்டி கட்டி நூல்களை வெளியே அனுப்பிய ஒரு வட்டாரத்தில் இன்று கோடை விடுமுறைக்காகப் பள்ளி நூல்கள் திரும்ப அழைக்கப்படுகின்றன என்றால், அதற்கு வலுவான காரணம் வேண்டும்.

கோடையில் நிகழும் இழப்பு

நூல்கள் பீரோவுக்குள் கிடக்கும் மே மாதம், மாணவர்களிடம் நேரம் மிகுதியாக இருக்கும் மாதம். நீண்ட விடுமுறையில் குழந்தைகள், குறிப்பாக ஏழைக் குழந்தைகள், கற்றதில் ஒரு பகுதியை இழப்பதை ஆய்வாளர்கள் கோடைப் பின்னடைவு என்கிறார்கள். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் சமூகவியலாளர் பார்பரா ஹெய்ன்ஸ் நடத்தி, 1978இல் நூலாக வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. பள்ளி நாள்களைக் காட்டிலும் கோடை நாள்களிலேயே வசதியுள்ள, வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விரிகிறது என்பதையும், கோடையில் படித்த நூல்களின் எண்ணிக்கை கற்றலோடு தொடர்புடையது என்பதையும் அது காட்டியது. ரிச்சர்டு ஆலிங்டன், ஆன் மெக்கில்-பிரான்சன் ஆகியோரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. புளோரிடா மாநிலத்தில் வறுமை மிகுந்த 17 பள்ளிகளின் குழந்தைகளுக்கு, அவர்களே தேர்ந்தெடுத்த 12 நூல்கள் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும், தொடர்ந்து மூன்றாண்டுகள் வழங்கப்பட்டன. நூல் பெறாத குழந்தைகளைவிட அவர்கள் வாசிப்பில் முன்னேறினார்கள். மிகவும் ஏழைக் குழந்தைகளிடம் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

இவை அமெரிக்கச் சூழலில், ஆங்கில வாசிப்பைப் பற்றி நடந்த ஆய்வுகள் என்பதால் அவற்றின் எண்களை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பெயர்க்கக் கூடாது. ஆனால், அவை காட்டும் காரண காரியத் தொடர்பு எளியது. வீட்டில் நூல்கள் இருக்கும் குழந்தை விடுமுறையிலும் படிக்கிறது, இல்லாத குழந்தை படிப்பதில்லை. பாடநூல் தவிர வேறு அச்சுத்தாளே இல்லாத வீடுகளிலிருந்து வரும் மாணவர்கள் மிகுந்த அரசுப் பள்ளிகளுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். புளோரிடா ஆய்வில் நூல்கள் குழந்தைகளுக்கே சொந்தமாகக் கொடுக்கப்பட்டன, திருப்பிக் கேட்கப்படவே இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. முழுமையாகக் கொடுத்துவிடுவதே பயனுள்ள செலவாக அமையக்கூடும் என்றால், ஆறு வாரங்களுக்கு இரவல் தருவதை இழப்பு என்று அஞ்சுவதற்கு அடிப்படை மிகக் குறைவு.

தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் வாசிப்புக்காகச் செய்திருப்பவை குறைவல்ல. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில், குழந்தைகள் ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடிய சிறு நூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. தொடக்க வகுப்பினருக்கு ‘ஊஞ்சல்’, அடுத்த நிலையினருக்கு ‘தேன்சிட்டு’ ஆகிய இதழ்களும் பள்ளிக் கல்வித் துறையால் வெளியிடப்படுகின்றன. வாசகரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட இத்தகைய வெளியீடுகள்கூட வரவுப் பதிவேட்டில் எண் பெற்றதும் சொத்தாக மாறி, ஏப்ரல் வந்ததும் பீரோவுக்குள் சென்றுவிடுமானால், மேலிருந்து தள்ளும் கொள்கையும் கீழே இழுத்துப்பிடிக்கும் கணக்குமுறையும் ஒன்றையொன்று முறியடிக்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

எண்ணுவதற்கு வேறு வழி

நூல்கள் அனைத்தும் கண்முன் இருந்தால்தான் அவற்றைச் சரிபார்க்க முடியும் என்னும் எண்ணமே தவறானது. மார்ச் 31 அன்று ஆண்டுக் கணக்கை முடிக்கும் வங்கி, கொடுத்த கடன்களையெல்லாம் அன்று மாலைக்குள் வசூலித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு எண்ணுவதில்லை. நிலுவையிலுள்ள கடன் அதன் ஏட்டில் சொத்தாகவே நிற்கிறது. அவ்வாறே, தட்டில் உள்ள நூல்களையும் வழங்கல் பதிவேட்டில் ஒரு மாணவரின் பெயருக்கு நேராக உள்ள நூல்களையும் கூட்டினால் வரும் தொகையே இருப்பு. வழங்கல் பதிவேடு ஒழுங்காக இருக்கும் பள்ளியில் நூல்களைத் திரும்ப அழைக்காமலேயே சரிபார்ப்பை முடிக்கலாம். அது ஒழுங்காக இல்லாத பள்ளியில் நூல்களைத் திரும்ப அழைப்பது அந்தக் குறையை மறைக்க மட்டுமே உதவும்.

பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர்களின் நிலை வேறு. தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு, உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு ஆகியவற்றை முடிப்பவர்கள் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றுவிடுவார்கள் என்பதால், அவர்களிடமிருந்து நூல்களைத் திரும்பப் பெறுவது முறையானதே. மற்ற வகுப்பினர் ஜூனில் அதே வளாகத்துக்குத்தான் வரப்போகிறார்கள். அவர்களுக்கு ஆண்டுத் தேர்வின் கடைசி நாளில், அவர்களே தேர்ந்தெடுக்கும் மூன்று அல்லது நான்கு நூல்களைக் கொடுத்தனுப்பி, பள்ளி திறந்த முதல் வாரத்தில் திரும்பப் பெற்று, சரிபார்ப்பையும் அப்போதே வைத்துக்கொள்வதில் நிர்வாகத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது நிதியைப் பற்றியது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியத்துக்கு வகை செய்கிறது; அத்திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குரிய ஒன்றியப் பங்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது பெரும் அரசியல் சர்ச்சையாகவே ஆனது. வரவு நிச்சயமில்லாத காலத்தில் இருப்பதைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் இயல்பானதே. ஆனால், பூட்டிவைப்பதால் நூல் காக்கப்படுகிறது என்பது பாதி உண்மை. கோடை வெப்பத்தில் காற்றோட்டமின்றி அடைபட்ட மலிவுத் தாள் பழுத்து உதிர்கிறது. வெள்ளிப்பூச்சியும் கறையானும் விடுமுறை அறிவதில்லை. எப்படியும் மடியப்போகும் தாள், படிக்கப்பட்டு மடிவதே சிக்கனம்.

தண்டத்தொகை இல்லாவிட்டால் நூல்கள் திரும்பாது என்பது மற்றொரு மறுப்பு. அமெரிக்காவின் சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதக் கட்டணத்தை அடியோடு நீக்கியபோது, நெடுநாள் வராதிருந்த நூல்கள் குறையாமல், பெருமளவில் திரும்பி வந்தன. கட்டணத்துக்கு அஞ்சி நூலகத்தின் பக்கமே வராதிருந்தவர்கள் மீண்டும் வந்தார்கள். பத்து ரூபாய் அபராதத்துக்குப் பயந்து நூலகத்தைத் தவிர்க்கும் பள்ளி மாணவரின் மனநிலையும் இதனின்று வேறுபட்டதாக இருக்க முடியாது.

மறுபுறம், நூலகத்திலிருந்து நீங்கியே ஆக வேண்டிய நூல்களும் உண்டு. காலம் கடந்த, பயன் தீர்ந்த நூல்களைத் தேர்ந்து நீக்கும் பணியைக் களைதல் என்பர். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று சொல்லும் பொது அறிவு நூல், 2020இல் மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமான பிறகு தவறான தகவலைத் தருகிறது. 2006இல் குறுங்கோள் என வகைமாற்றம் பெற்ற புளூட்டோவை ஒன்பதாம் கோளாகக் காட்டும் அறிவியல் நூலும், தெலங்கானா இல்லாத இந்திய வரைபடமும் அத்தகையவையே. குறைவு ஏதுமில்லை என்று எழுதுவதற்காக இவை ஆண்டுதோறும் எண்ணப்பட்டு, துடைத்து அடுக்கப்படுகின்றன. மாணவர் படித்துத் தொலைத்த நூலுக்காக அஞ்சும் அமைப்பு, பிழையான நூலை வைத்திருப்பதற்காக யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை.

இவற்றைச் சரிசெய்யப் புதிய திட்டமோ பெரிய ஒதுக்கீடோ தேவையில்லை. மூன்று கூறுகள் கொண்ட ஓர் அரசாணை போதும். பொது நிதி விதிகளைப் போல, வழங்கலின் அடிப்படையில் அமைந்த இழப்பு வரம்பை மாநில அரசு எழுத்தில் அறிவித்து, அந்த வரம்புக்குட்பட்ட நூல்களைத் தள்ளுபடி செய்யும் அதிகாரத்தைத் தலைமையாசிரியருக்கு அளிக்க வேண்டும் என்பது முதலாவது. தொடர்ந்து படிக்கும் வகுப்பினருக்குக் கோடை இரவலைக் கட்டாயமாக்கி, சரிபார்ப்பை ஜூனுக்கு மாற்ற வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது கூறு அறிக்கையின் வடிவத்தைப் பற்றியது. இருப்பு எண்ணிக்கையோடு, மாணவர் ஒருவருக்குச் சராசரியாக எத்தனை நூல்கள் வழங்கப்பட்டன, ஒரு நூலும் எடுக்காத மாணவர்கள் எத்தனை பேர், ஒரு முறையும் வெளியே செல்லாத நூல்கள் எத்தனை என்னும் மூன்று எண்களும் அதில் இடம்பெற வேண்டும். இவை வழங்கல் பதிவேட்டிலிருந்து ஒரு பிற்பகலில் எடுத்துவிடக்கூடியவை. பள்ளி மேலாண்மைக் குழுவில் வாசிக்கப்பட்டால் பெற்றோருக்கும் புரியக்கூடியவை.

அத்தகைய அறிக்கை நடைமுறைக்கு வரும்போது தணிக்கையின் திசையும் மாறும். பத்து நூல் தொலைந்ததாக எழுதிய பள்ளியிடம், எத்தனை ஆயிரம் வழங்கலில் பத்து என்று கேட்டால் போதும். விடை பெரும்பாலும் ஏட்டிலேயே இருக்கும். இழப்பு ஏதுமில்லை என்று எழுதிய பள்ளியிடம்தான், ஆண்டு முழுவதும் அந்த நூல்களை யாரும் ஏன் தொடவில்லை என்று தணிக்கையாளர் விளக்கம் கேட்க வேண்டியிருக்கும்.